வார இறுதி டிக்கெட்டில் போருக்குப் போனவர்கள்

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சர்வதேசப் படையணிகளைப் பற்றி நமக்குப் படிக்கக் கிடைப்பதில் வீரம் இருக்கும், துரோகம் இருக்கும், லாரி மட்டும் இருக்காது. ஆள் எல்லையை எப்படித் தாண்டினான், கையில் என்ன துப்பாக்கி கொடுத்தார்கள், அதற்குத் தோட்டா பொருந்தியதா, கட்டளை எந்த மொழியில் வந்தது, திரும்பும்போது பாஸ்போர்ட் இருந்ததா? இதெல்லாம் தெரியாமல் அவர்களில் ஏன் அத்தனை பேர் செத்தார்கள் என்பது புரியாது. கொள்கை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பதிவில் லாரியைப் பார்ப்போம்.

பின்னணி சுருக்கமாக. 1936 ஜூலை 17 அன்று ஸ்பானிய மொராக்கோவில் குடியரசு அரசாங்கத்துக்கு எதிராக ராணுவக் கலகம் வெடித்தது. செப்டம்பரில், மாஸ்கோவிலிருந்து இயங்கிய கம்யூனிஸ்ட் அகிலம் குடியரசின் பக்கம் சண்டையிட வெளிநாட்டு ஆட்களைத் திரட்டி அனுப்ப முடிவு செய்தது. அக்டோபர் நடுவில் மாட்ரிட்டுக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட அல்பசெத்தே ஊரில் தளம் திறந்தார்கள். போர் முடிவதற்குள் அந்தத் தளத்தின் வழியாகப் போனவர்கள் 32,000 முதல் 35,000 பேர். ஆனால் எந்த ஒரு நேரத்திலும் 20,000 பேருக்கு மேல் இருந்ததில்லை. அதிகம் பேர் பிரெஞ்சுக்காரர்கள். எதிர்ப்பக்கத்திலும் வெளிநாட்டவர் உண்டு. முசோலினி அனுப்பிய 70,000க்கு மேற்பட்ட இத்தாலியர்களுக்கும் பெயர் 'தன்னார்வலர்'தான். பட்டாளத்திலிருந்து கப்பலேற்றியவனைத் தன்னார்வலன் என்று சொன்னால், ஸ்பெயின் போரில் தலையிடுவதில்லை என்ற சர்வதேச ஒப்பந்தத்தை மீறியதாகாது, அவ்வளவுதான்.

பிரிட்டனிலிருந்து கிளம்ப எளிய வழி, லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் பாரிசுக்கு வார இறுதி ரிட்டர்ன் டிக்கெட் வாங்குவது. உல்லாசப் பயணிகளுக்கென்று விற்ற அந்த டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். வேலையில்லாத வேல்ஸ் சுரங்கத் தொழிலாளியிடம் பாஸ்போர்ட் எங்கே இருக்கும்? பிளாட்பாரத்தில் மஃப்டி போலீஸ் நிற்பார்கள். கேட்டால் பாரிஸ் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். 1937 ஜனவரியில் அரசாங்கம் 1870ஆம் வருடத்து அயல்நாட்டுப் படைச் சேர்ப்புச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, போகிறவனுக்கு இரண்டு வருஷம் வரை சிறை என்று மிரட்டியது. அந்தச் சட்டத்தில் யாரையும் தண்டிக்கவில்லை. அதனால் நடந்த ஒரே காரியம், அதுவரை வெளிப்படையாக நடந்த ஆள்சேர்ப்பு மறைவுக்குப் போனது.

அமெரிக்கர்களுக்குத் தூரம் அதிகம். முதல் கோஷ்டி 1936 டிசம்பர் 26 அன்று நியூயார்க்கில் 'நார்மண்டி' கப்பல் ஏறியது. கொஞ்ச நாளில் அமெரிக்க அரசு பாஸ்போர்ட்டிலேயே 'ஸ்பெயினுக்குச் செல்லாது' என்று முத்திரை குத்த ஆரம்பித்தது. அது பெரிய தடையாக இல்லை. பிரான்ஸ் வரைக்கும் பாஸ்போர்ட் போதும். அதற்கப்புறம் வழியில் பாஸ்போர்ட் கேட்கும் ஆபீஸே கிடையாது.

பாரிஸில் டாக்டர் பரிசோதனை, பிறகு நேர்முகம். காச நோய், பால்வினை நோய், குடிப்பழக்கம் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களைப் பாரிஸில் கவனித்துக்கொண்டவர்களில் ஒருவர் சார்லட் ஹால்டேன். பிற்காலத்தில் கல்கத்தாவுக்கும் புவனேஸ்வருக்கும் வந்து இந்தியக் குடிமகனாகவே இறந்துபோன விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேனின் அன்றைய மனைவி. ஹால்டேனும் அந்தப் போரின்போது ஸ்பெயினுக்குப் போய், விஷவாயுத் தற்காப்பு பற்றிக் குடியரசு அரசுக்கு ஆலோசனை சொல்லிவிட்டு வந்தவர்.

1937 பிப்ரவரி வரை பாரிஸிலிருந்து தெற்கே ரயில், அங்கிருந்து பஸ், எல்லையில் காவலர் கையசைப்பார், முடிந்தது. பிப்ரவரியில், அந்தத் தலையிடா ஒப்பந்தத்தைக் கண்காணித்த தலையிடாமைக் குழு தன்னார்வலர்களுக்குத் தடை போட்டது. பிரான்ஸ் எல்லையை மூடியது. அதற்குப் பிறகு பிரெனீஸ் மலையை ராத்திரியில் நடந்து தாண்ட வேண்டும். பிரெஞ்சு எல்லையோர ஊரான பெர்ப்பிஞான் பக்கத்துப் பண்ணை வீடுகளில் பகல் முழுக்க ஒளித்துவைத்து, இருட்டியதும் மலையடிவாரத்தில் இறக்கிவிடுவார்கள். வழிகாட்டி பெரும்பாலும் உள்ளூர்க் கடத்தல்காரர். அங்கே முதல் வேலை செருப்பு மாற்றுவது. தோல் ஷூவைக் கழற்றி, இரண்டு கயிற்றையும் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கொடுக்கிற அல்பர்காத்தாவை மாட்டிக்கொள்ள வேண்டும். மேலே துணி, அடியில் சணல் கயிறு திரித்துச் சுருட்டித் தைத்த செருப்பு. ஆணி அடித்த தோல் ஷூ பாறையில் சத்தம் போடும், வழுக்கும். சணல் அடி இரண்டும் செய்யாது. ஆனால் ஈரம் பட்டால் ஊறிக் கனக்கும், புதுக் காலைக் கடித்துக் கொப்புளம் போடும். பேச்சு கூடாது, சிகரெட் கூடாது. முன்னால் போகிறவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஏற்றம். விடிவதற்குள் உச்சி தாண்டாவிட்டால் பிரெஞ்சு ரோந்து பிடித்துவிடும். மறுபக்கம் இறங்கினால் லாரி, ஃபிகேரஸ் கோட்டை, வைக்கோலில் தூக்கம்.

கடல்வழியை முயன்றவர்களும் உண்டு. 1937 மே 30 அன்று 'சியுதாத் தெ பார்சலோனா' என்ற கப்பலை மால்கிராத் கடற்கரைக்கு எதிரில் நீர்மூழ்கி ஒன்று டார்பிடோ அடித்து மூழ்கடித்தது. பல பத்துத் தன்னார்வலர்கள் ஒரு தோட்டாகூடச் சுடாமல் கடலில் போனார்கள். பிறகு மலைதான் வழி.

அல்பசெத்தேயில் வந்தவர்களைக் காளைச் சண்டை அரங்கில் நிறுத்தி மொழிவாரியாகப் பிரிப்பார்கள். ஓட்டுநர் யார், மெக்கானிக் யார், பீரங்கி தெரிந்தவன் யார், மெஷின் கன் சுட்டவன் யார், சமையல்காரன் யார் என்று கேட்பார்கள், ஆட்கள் முன்னால் வருவார்கள். ராணுவ அனுபவம் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பொய் சொன்னவர்கள் ஏராளம். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். முதல் உலகப் போரில் இருந்தவர்கள் ஜெர்மானிய, பிரெஞ்சு, இத்தாலிய அணிகளில் கணிசம். பிரிட்டன், அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்த இளைஞர்களில் துப்பாக்கியே தொடாதவர்கள் பலர். பிரிட்டிஷாரை மத்ரிகேராஸ் கிராமத்துக்கும் அமெரிக்கர்களை வில்லனுவேவா தெ லா ஹாராவுக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி என்பது மரக்கட்டையைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு அணிவகுப்பு, சத்தமெழுப்பி மெஷின் கன் பாவனை. கொண்டைக்கடலையும் ஆலிவ் எண்ணெயும் வயிற்றைக் கலக்கின. பிரிட்டிஷாருக்கு எண்ணெய்தான் எதிரி. இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வயிற்றுப்போக்கில் படுத்தவன் கம்பெனிக் கணக்கில் இருப்பான், அகழியில் இருக்க மாட்டான்.

இங்கே இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். ஒன்று, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு, எத்தனை மாதச் சேவை என்று தெளிவான காலக்கெடு எதையும் கையில் கொடுக்கவில்லை. ஆறு மாதம் என்று நம்பிப் போனவர்கள் நிறைய. ஆறு மாதம் முடிந்து ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பியவனுக்கு 'ஓடிப்போனவன்' என்று பெயர். தளத்தின் தலைவர் ஆந்த்ரே மார்ட்டிக்கு அப்படிப்பட்டவர்கள்மீது இருந்த சந்தேகம் சிறைமுகாம் வரை போனது.

இனி ஆயுதம். பிரிட்டனும் பிரான்சும் விற்க மறுத்த பிறகு குடியரசு அரசு சோவியத்திலிருந்து நிறையவும், மற்றபடி உலகச் சந்தையில் கிடைத்ததையும் வாங்கியது. ஒரே பிரிகேடில், அதாவது சில பட்டாலியன்கள் சேர்ந்த படையணியில், ரஷ்ய மோசின்-நாகாந்த் 7.62 மி.மீ., ஸ்பானிய மௌசர் 7 மி.மீ., பிரெஞ்சு லெபல் 8 மி.மீ., கனடா ராஸ் .303 என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். மோசின், லெபல், .303 மூன்றின் தோட்டாவுக்கும் அடியில் துருத்தும் விளிம்பு உண்டு. மௌசருக்குக் கிடையாது. ஒன்றின் தோட்டா மற்றதில் போகாது. போனாலும் வெடிக்காது, வெடித்தால் கைபோகும். அகழிக்குத் தோட்டாப் பெட்டி வந்துவிட்டது என்பது செய்தியே இல்லை. எந்தத் தோட்டா என்பதுதான் செய்தி. மூன்று வகை ரைஃபிள் இருக்கிற பட்டாலியனுக்கு மூன்று வகைப் பெட்டியும் சரியான விகிதத்தில், ராத்திரியில், விளக்கில்லாமல் போய்ச் சேர வேண்டும்.

மோசினில் இன்னொரு சூட்சுமம். அதன் குறியைத் தொழிற்சாலையில் பயனெட் மாட்டிய நிலையில்தான் சரிசெய்திருப்பார்கள். நீளமான ஊசி மாதிரி பயனெட், உறையும் கிடையாது. தொல்லை என்று கழற்றி எறிந்தால் குண்டு வேறு இடத்தில் விழும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இடத்தில், துப்பாக்கி சரியில்லை என்ற முடிவுக்குத்தான் வருவான். பிரெஞ்சு ஷோஷா இலகு மெஷின் கன் உண்மையிலேயே சரியில்லாதது. அரைவட்ட மேகசினின் பக்கவாட்டில் திறப்பு, அதன் வழியே மண் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். சோவியத் தெக்தியாரேவ் நல்ல துப்பாக்கி. மேலே தட்டு மாதிரி 47 தோட்டா மேகசின். தட்டு நசுங்கினால் சுழலாது, அது ஒன்றுதான் குறை.

எல்லோருக்கும் பிடித்தது மாக்சிம். சக்கரம், கேடயம் சேர்த்து 60 கிலோவுக்கு மேல். குழாயைச் சுற்றி நாலு லிட்டர் தண்ணீர். தொடர்ந்து சுட்டால் தண்ணீர் கொதித்து ஆவி மேலே எழும்பும், இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும். குடிக்கவே தண்ணீரில்லாத ஜூலை மாதத்து பிரூனெத்தே சண்டையில் அந்த நாலு லிட்டருக்கும் ஆட்களின் தொண்டைக்கும் நேரடிப் போட்டி. துணி பெல்ட்டில் 250 தோட்டா. பெல்ட்டை அதற்கான கருவியில் நிரப்பினால் தோட்டாக்கள் ஒரே மட்டத்தில் உட்காரும். அவசரத்தில் கையால் நிரப்பினால் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. அடுத்த நிமிஷமே மாட்டிக்கொள்ளும். துணி நனைந்தாலும் அதே கதை.

1937 பிப்ரவரி 12, மாட்ரிட்டுக்குத் தென்கிழக்கே ஹராமா பள்ளத்தாக்கு. பிரிட்டிஷ் பட்டாலியனின் சுமார் 600 பேருக்கும் அது முதல் சண்டை. மெஷின் கன் கம்பெனி மாக்சிம்களை மேட்டுக்கு இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தியது. அப்புறம்தான் தெரிந்தது, பெல்ட்டில் நிரப்பியிருந்தது வேறு ரகத் தோட்டா. சரியான தோட்டாவை ஏற்றிவந்த லாரி வழியில் கவிழ்ந்தது. முன்னால் குன்றில் ரைஃபிள் கம்பெனிகள் பகல் முழுக்க மெஷின் கன் துணையில்லாமல் நின்று செத்தன. தோட்டா வந்து, பெல்ட்டைக் கையால் நிரப்பி, சாயங்காலம்தான் மாக்சிம்கள் பேசின. குன்றைப் பிடித்து இறங்கிவந்த, கலகத் தளபதி ஃபிராங்கோவின் மொராக்கோ வீரர்கள் அந்தச் சில நிமிடங்களில் கூட்டமாக விழுந்தார்கள். கருவி சரி, ஆள் சரி, இடமும் சரி. ஆனாலும் முதல் நாள் முடிவில் பட்டாலியனில் பாதிக்கும் குறைவானவர்களே நிற்கிற நிலையில் இருந்தார்கள். இதைத் தியாகம் என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. தியாகம்தான். கூடவே லாரியும்.

நாலு நாள் கழித்து அமெரிக்கர்களின் லிங்கன் பட்டாலியன் அதே முனைக்குக் கிளம்பியது. ராத்திரி வழியில் லாரிகளை நிறுத்தி மரப்பெட்டிகளை உடைத்தார்கள். உள்ளே மெக்ஸிகோ செய்தித்தாளில் சுற்றி, கிரீஸில் முக்கிய ரைஃபிள்கள். சிலவற்றில் ஜார் காலத்து இரட்டைத்தலைக் கழுகு முத்திரை. சட்டை நுனியால் கிரீஸைத் துடைத்தார்கள். குழாய்க்குள் கிரீஸ் மிச்சமிருந்தால் சுடும்போது ஆபத்து, சுத்தமாக எடுக்கக் கம்பியும் துணியும் நேரமும் வேண்டும். ஆளுக்கு ஐந்து தோட்டா, எதிர்மலையைப் பார்த்துச் சுடச்சொன்னார்கள். பலருக்கு மொத்தச் சுடும் பயிற்சியும் அதுதான். முன்னால் போன இரண்டு லாரிகள் திருப்பத்தில் வழிதவறி எதிரியின் வரிசைக்குள்ளேயே நுழைந்தன. அதில் இருந்தவர்கள் அணிக்குத் திரும்பவே இல்லை.

பிப்ரவரி 27 தாக்குதலில் அவர்களுக்கு டாங்கி, பீரங்கி, விமானம் எல்லாம் வரும் என்று வாக்கு. வரவில்லை. பட்டாலியன் கமாண்டர் ராபர்ட் மெரிமன் முன்னேற மறுத்தார். பிரிகேடு தலைமையகத்திலிருந்து அதன் தளபதி விளாதிமிர் சோப்பிச் போனில், பக்கத்து ஸ்பானிய அணி ஏற்கனவே முன்னேறிப் போய்விட்டது, நீங்கள்தான் பாக்கி என்றார். மெரிமன் கண்ணெதிரில் யாரும் முன்னேறவில்லை. விமானத்துக்கு எதிரி இருக்கும் திசை தெரிய ரோட்டில் வெள்ளைத் துணியால் 'டி' எழுத்து வடிவில் அடையாளம் வை என்று அடுத்த உத்தரவு. உள்ளாடைகளையும் சட்டைகளையும் சேர்த்து அந்த டி-யைச் செய்தார்கள். அதை ரோட்டில் விரிக்கப் போன இருவரும் சுடப்பட்டு இறந்தார்கள். மெரிமன் அகழியைவிட்டு எழுந்த சில நொடிகளில் தோளில் குண்டு. அன்று செத்தவர்கள் சுமார் 120 பேர்.

இந்த இடத்தில் மொழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்று மேலே இருந்த டிவிஷன் தளபதி ஜெனரல் 'கால்' என்பவரும் சோப்பிச்சும் முதல் உலகப் போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் இருந்து, ரஷ்யாவில் போர்க்கைதியாகி, கம்யூனிஸ்ட் ஆனவர்கள். கீழே ஆங்கிலம். இரண்டு பக்கமும் ஸ்பானியர். சோவியத் ஆலோசகர் பேசுவது ரஷ்யன். ஒரு கட்டளை மூன்று வாய் மாறி அகழிக்கு வரும்போது 'முடிந்தால் முன்னேறு' என்பது 'முன்னேறு' என்று ஆகிவிடும். 'முடிந்தால்' தான் முதலில் உதிர்கிற சொல். பட்டாலியன்களை மொழிவாரியாகப் பிரித்தது இதற்குத்தான். ஆனால் பிரிகேடு மட்டத்தில் அது உதவவில்லை. 1937 செப்டம்பரில் படையணிகளைக் குடியரசு ராணுவத்தோடு முறைப்படி இணைத்தார்கள், ஸ்பானிய வீரர்கள் பெரும்பான்மை ஆனார்கள், வெளிநாட்டு அதிகாரிகள் ஸ்பானிய மொழி கற்றே ஆக வேண்டிய நிலை வந்தது. அதற்குள் போர் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எல்லாம் பொருந்தினால் என்ன ஆகும் என்பதற்கும், இந்த பிரிட்டிஷ், லிங்கன் பட்டாலியன்கள் இருந்த அதே 15ஆவது பிரிகேடில் உதாரணம் உண்டு. 1937 மே மாதம் பிரிட்டிஷாரிலிருந்து 40 பேரைப் பொறுக்கி, மூன்று சோவியத் 45 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளைக் கொடுத்தார்கள். ஒரே மொழி, ஒரே ரகக் குண்டு, ஒழுங்கான பயிற்சி. பிரிகேடிலேயே நம்பகமான பிரிவு என்று அது பெயர் வாங்கியது.

அடையாளம் காண்பதில் நடந்த தவறு ஒன்று. 1938 மார்ச் 31, அராகன் பின்வாங்கலின்போது கலசெய்த்தே ஊருக்கருகே விடியற்காலையில் பிரிட்டிஷ் பட்டாலியன் ரோட்டில் வரிசையாகப் போகிறது. திருப்பத்தில் சிறிய டாங்கிகள். நம்முடையவை என்று நினைத்தார்கள். இத்தாலியர்களுடையவை. நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கேயே பிடிபட்டார்கள். பின்வாங்கும்போது முன்னால் யார் இருக்கிறார்கள் என்ற தகவல் சில மணி நேரத்திலேயே பழசாகிவிடும். சாரணர் அனுப்பாமல் பகலில் ரோட்டில் நடந்தால் இதுதான்.

சில நாள் கழித்து கந்தேசா பக்கம் பிடிபட்டவர்களில் 'ஜான் ஸ்மித்' என்று பெயர் கொடுத்திருந்த ஒருவர் உண்டு. உண்மைப் பெயர் கோபால் முகுந்த் ஹுத்தார், நாக்பூர்க்காரர். லண்டனுக்குப் பத்திரிகைத் தொழில் படிக்கப் போனவர். அதற்கு முன் ஆர்.எஸ்.எஸ்.ஸின் பொதுச் செயலாளராக இருந்தவர், திரும்பிய பிறகு கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். நம்ப முடியாவிட்டாலும் பதிவில் உள்ள விஷயம். அவரை வைத்திருந்தது பூர்கோஸ் அருகே சான் பேத்ரோ தெ கார்தேஞா மடாலயத்தில். பல நூறு வெளிநாட்டுக் கைதிகள், பேன், பிரம்படி, பீன்ஸ். ஃபிராங்கோவின் ராணுவ மனநல மருத்துவர் வல்யேஹோ நாஹெரா அங்கே வந்து, மார்க்சியம் ஒருவகை மனக்குறைபாடு என்று நிரூபிக்கக் கைதிகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்தார், உடம்பை அளந்தார். கைதிகள் அதே சமயம் 'ஜெய்லி நியூஸ்' என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தி, ஒருவருக்கொருவர் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவப் பிரிவுதான் இந்தப் போரில் சரியாக வேலை செய்த லாரி. கனடாவின் நார்மன் பெத்யூன் மாட்ரிட்டில் ரத்தத்தைப் பாட்டிலில் எடுத்து, உறையாமலிருக்க சோடியம் சிட்ரேட் கலந்து, குளிரூட்டி, வண்டியில் போர்முனைக்கே கொண்டுபோனார். பார்சலோனாவில் துரான் ஹோர்தா அதற்கும் முன்பே தொடங்கியிருந்தார். நியூசிலாந்து சர்ஜன் டக்ளஸ் ஜாலி முன்னணியில் காயத்தைத் தரம்பிரிக்கும் நிலையம், அதற்குப் பின்னால் அவசர ஆபரேஷன் மருத்துவமனை, இன்னும் பின்னால் காத்திருக்கக்கூடிய காயங்களுக்கு ஒன்று என்று மூன்று நிலை அமைப்பை வகுத்தார். வயிற்றில் குண்டு பட்டவனுக்குச் சில மணி நேரத்தில் கத்தி வைக்காவிட்டால் பிழைக்க மாட்டான், அதனால் டாக்டர் முன்னால் போக வேண்டும் என்பதே கணக்கு. ஸ்பெயினில் பணியாற்றிய இந்திய டாக்டர் அடல்தான் 1938இல் டாக்டர் கோட்னிஸ் இருந்த, சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவுக்குத் தலைமையேற்றுப் போனார்.

1938 செப்டம்பர் 21 அன்று பிரதமர் நெக்ரின் ஜெனீவாவில் வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்புவதாக அறிவித்தார். அன்றைய உலக நாடுகள் அமைப்பான லீக் ஆஃப் நேஷன்ஸின் ஆணையம் எண்ணியபோது குடியரசுப் படையில் மிச்சமிருந்தவர்கள் 12,673 பேர். அக்டோபர் 28 பார்சலோனா வழியனுப்பு ஊர்வலத்தின் புகைப்படம் எல்லோருக்கும் தெரியும். பூவெல்லாம் வாடிய பிறகு வந்தது காகிதப் பிரச்சினை. ஜெர்மானியருக்கும் இத்தாலியருக்கும் திரும்ப ஊரில்லை. பலரைப் பிரான்ஸ் முள்வேலிக்குள் போட்டது, கூர்ஸ், வெர்னே என்ற பெயர்களில். சுவிட்சர்லாந்து அந்நியப் படைச் சேவைக்காகத் தன் ஆட்கள் நூற்றுக்கணக்கானோரைச் சிறையிலடைத்தது. அந்தத் தண்டனைகளை ரத்து செய்ய 2009 வரை ஆனது. விடுதலையான பிரிட்டிஷ் கைதிகளிடம் பயணச் செலவைத் திருப்பிக் கட்டுவதாக எழுதி வாங்கினார்கள்.

வாங்கி வைத்த பாஸ்போர்ட்டுகள்? பல சோவியத் உளவுத்துறையின் கைக்குப் போயின. 1940இல் மெக்ஸிகோவில் ட்ராட்ஸ்கியைக் கொன்ற ரமோன் மெர்காதெர் 'ஃபிராங்க் ஜாக்சன்' என்ற பெயரில் வைத்திருந்த கனடா பாஸ்போர்ட், ஸ்பெயினுக்குப் போய் உயிர்விட்ட ஒரு தன்னார்வலருடையது.

ஸ்பெயின் 1996இல் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தருவதாகச் சொன்னது. ஆனால் சொந்த நாட்டுக் குடியுரிமையை விட வேண்டும் என்ற விதி இருந்ததால் பெரும்பாலோர் வாங்கவில்லை. அந்த விதியை 2007ஆம் வருடச் சட்டம் நீக்கியது. 2009 ஜூனில் லண்டனில் இருக்கும் ஸ்பானியத் தூதரகத்தில் பாஸ்போர்ட் பெற்றவர்கள் 7 பேர்.